இட்லி சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்குக் கோதுமை நோய் வருமா?

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கணவரின் வேலைக்காக நான்கு வருடங்களாக நொய்டாவில் இருக்கிறோம். மகனுக்கு இரண்டு வயது பத்து மாதம். ஒன்றரை வயதில் 9.8 கிலோ இருந்தான், இப்போது 10.4 கிலோதான். வயிறு மட்டும் உப்பி, கைகால் குச்சியாக இருக்கிறது. தினமும் நான்கைந்து தடவை கூழ் மாதிரி, நாற்றத்தோடு மலம் போகிறான். எதற்கெடுத்தாலும் சிணுங்கல். இங்குள்ள குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஹீமோகுளோபின் 8.6. ‘டி.டி.ஜி.’ என்று ஒன்று 20-க்குள் இருக்க வேண்டுமாம், இவனுக்கு 118. சீலியாக் நோயாக இருக்கலாம், எண்டோஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்திக்கொள்வோம் என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரோ, “நம்ம பக்கத்துல யாருக்கும் இல்லாத வியாதி. பிள்ளைக்குத் தேரை விழுந்திருக்கு” என்கிறார். மூன்று வாரமாகச் சப்பாத்தி, பிஸ்கட் இரண்டையும் நிறுத்திவிட்டோம். கொஞ்சம் தேறின மாதிரி இருக்கிறது. அப்புறம் எதற்கு எண்டோஸ்கோப்பி? சின்னக் குழந்தைகளுக்கு இந்த நோய் அவ்வளவு சகஜமா? ஆறு மாதத்திலேயே கோதுமைக் கஞ்சி கொடுத்தேன், அதனால் வந்ததா? ஏழு வயது மகளுக்கும் பார்க்க வேண்டுமா?

பதில்: மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்கே உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு, மூன்று வாரமாகக் கோதுமையை நிறுத்திவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். எண்டோஸ்கோப்பி முடியும் வரை முன்பு சாப்பிட்ட அளவுக்குக் கோதுமையைத் திரும்பக் கொடுக்கச் சொல்வார். எத்தனை வாரம் கொடுத்த பிறகு தேதி வைப்பது என்பதையும் அவரே முடிவு செய்வார். தேறி வரும் பிள்ளைக்கு மறுபடியும் அதையே கொடுப்பதா என்று உங்களுக்கு மனசு வராது, தெரியும். ஆனால் சீலியாக் என்பது, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை எதிரியாக எண்ணி உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி, தன் சிறுகுடலையே புண்ணாக்கிக்கொள்ளும் நோய். அதைக் கண்டுபிடிக்க உதவும் இரண்டு பரிசோதனைகளுமே, அதாவது ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சிறுகுடல் திசுத் துணுக்கும், கோதுமை உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். நிறுத்திவிட்டால் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் (உங்கள் ரிப்போர்ட்டில் ‘டி.டி.ஜி.’ என்று இருப்பது) மெல்ல மெல்ல இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ‘இவனுக்கு ஒன்றுமில்லை’ என்றுகூட ரிப்போர்ட் வரலாம். நல்லவேளை, மூன்று வாரத்தில் குடல் அவ்வளவு ஆறிவிடாது. நீங்கள் எழுதியது தாமதமில்லை. கோதுமையைத் திரும்பக் கொடுக்கும் நாட்களில் வாந்தியோ தண்ணீராய்ப் போவதோ அதிகமானாலும், பிள்ளை துவண்டு படுத்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி, எவ்வளவு சகஜம் என்ற கேள்விக்கு வருகிறேன். பதில் எந்த ஊரில் எண்ணுகிறோம், யாரை எண்ணுகிறோம், எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை 2018-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பவர்கள் சுமார் 1.4 சதவீதம். குடல் திசுவைச் சோதித்து நோய் உறுதியானவர்கள் சுமார் 0.7 சதவீதம். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகம்: பெரியவர்களில் 0.5, குழந்தைகளில் 0.9. ஆக, பொதுவாக நூறு குழந்தைகளுக்கு ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் இப்போது இருக்கும் பகுதியும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாகப் போய் எடுத்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. அதில் 1.04 சதவீதம், அதாவது 96 பேருக்கு ஒருவர். வேறு தொந்தரவுகளுக்காக டெல்லி மருத்துவமனை ஒன்றுக்கு வந்த 400 குழந்தைகளைச் சோதித்தபோதும் நூற்றுக்கு ஒன்று என்றே வந்தது. பஞ்சாபில், லூதியானாவில், 4,347 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்ததில் 14 பேருக்கு உறுதியானது; 310 பிள்ளைகளுக்கு ஒருவர். இது குறைவாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுக்கவில்லை. முதலில் கேள்வித்தாள் கொடுத்து, வளர்ச்சிக் குறைவு, வயிற்றுப்போக்கு, ரத்தசோகை என்று அறிகுறி உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். அறிகுறியே காட்டாத பிள்ளைகள் அந்தச் சல்லடையில் தங்கவே இல்லை.

அந்தச் சல்லடைதான் இந்த நோயின் முக்கியமான விஷயம். பார்க்கப் பார்க்கத்தான் அகப்படும் நோய் இது. இரண்டு வயதில் உங்கள் மகனைப் போல வயிறு உப்பி, எடை ஏறாமல் வருகிற குழந்தையைப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் வந்துவிடும். ஆனால் பத்து வயதில் உயரம் மட்டும் குறைவாக இருக்கும் பெண், எத்தனை பாட்டில் இரும்புச்சத்து டானிக் குடித்தாலும் ரத்தம் ஏறாத பையன், மலச்சிக்கல் என்று வருகிற குழந்தை (ஆமாம், சீலியாக்கில் மலச்சிக்கலும் வரும்), பல் எனாமல் பள்ளம் விழுந்த குழந்தை என்று இவர்களில் பலர் வருடக்கணக்கில் எங்களைப் போன்றவர்களின் கண்ணில் படாமல் போய்விடுவார்கள். ஸ்வீடனில் 1993-இல் பிறந்த பிள்ளைகளுக்குப் 12 வயதானபோது பள்ளியிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு மூவருக்கு இந்த நோய். அந்த மூவரில் இருவருக்கு அன்றுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. மருத்துவ வசதிக்குப் பெயர்போன நாட்டிலேயே கதை இது.

சரி, உங்கள் மாமியார் சொல்வது? பாதி சரி. கேலிக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே பாதி சரி.

2016-இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்றில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேருக்கு ஒரே முறையில் ரத்தம் சோதித்தார்கள். தெற்குக்கு வேலூர். எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் வெறும் 0.10. குடல் திசு வரை பார்த்து உறுதிசெய்த கணக்கில் வடக்கில் ஆயிரத்துக்கு எட்டரைப் பேர். தெற்கில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்று சொல்லலாம். எண்ணியது பெரியவர்களைத்தான், குழந்தைகளை அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் இடைவெளி அப்பட்டமானது. ‘நம்ம பக்கத்துல கேள்விப்பட்டதே இல்லை’ என்று திருநெல்வேலியில் ஒரு பாட்டி சொன்னால், அவர் பார்த்த உலகத்தை அவர் சரியாகத்தான் சொல்கிறார்.

தவறுவது மற்ற பாதியில். நம் பக்கத்து ஆட்களின் உடம்பு வேறு, அதனால் வராது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதே ஆய்வில் மரபணுவையும் பார்த்திருக்கிறார்கள். சீலியாக் வருவதற்கு டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்கு இந்த நோய் அநேகமாக வராது. அந்த மரபணு வடக்கில் 38 சதவீதம் பேருக்கு இருந்தது. தெற்கில்? 36 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கில் 25 கிராம். மரபணுவை நெல்லையிலிருந்தே கொண்டுபோயிருக்கிறீர்கள்; கோதுமை நொய்டாவில் கிடைத்தது.

கோதுமை ஒன்றே முழுக் காரணம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வடகிழக்கில் ஒரு நாளைக்கு 37 கிராம்தான் சாப்பிடுகிறார்கள், நோய் அங்கே கணிசமாகவே இருக்கிறது. மரபணு இருந்து, தினமும் சப்பாத்தி சாப்பிட்டும் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. இடையில் வேறு என்னவோ நடக்கிறது. இருந்தாலும் பஞ்சாபில் பழைய மருத்துவர்கள் கவனித்த ஒன்று எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். அங்கே குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டி, கோடையில் கோதுமை ரொட்டி. சில குழந்தைகளுக்குக் கோடை வந்தால் வயிற்றுப்போக்கு, குளிர்காலத்தில் தேறிவிடுவார்கள். அதற்குக் ‘கோடை வயிற்றுப்போக்கு’ என்றே பெயர். வெயிலின் மேல் போட்டிருந்த பழி ரொட்டியின் மேல் விழ ரொம்ப நாள் ஆயிற்று.

நம் ஊரும் இனி அந்த 25 கிராமில் நிற்காது என்பது என் எண்ணம். தாத்தாவுக்குச் சுகர் என்று ராத்திரி வீட்டில் சப்பாத்தி போடுகிறோம், பேரனுக்கும் அதுவே சாப்பாடு ஆகிவிடுகிறது. காலையில் ரவை உப்புமா, சாயங்காலம் பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. திருநெல்வேலியிலேயே இருந்திருந்தாலும் உங்கள் மகன் உங்கள் மாமியார் சின்ன வயதில் சாப்பிட்டதைப் போலப் பல மடங்கு கோதுமை சாப்பிட்டிருப்பான்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. நான் மேற்படிப்பு முடித்த புதிதில் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். நான்கு வயதுப் பெண் குழந்தை, கடுமையான ரத்தசோகை, வயிறு உப்பல். பூச்சி மருந்து கொடுத்தேன், இரும்புச்சத்து கொடுத்தேன், மறுபடியும் பூச்சி மருந்து கொடுத்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே போனது. சீலியாக் என்ற எண்ணம் வரவே இல்லை; ‘அது வடநாட்டு வியாதி’ என்றுதான் எனக்குள்ளும் பதிந்திருந்தது. அந்தக் குழந்தையின் அப்பா விடுப்பில் வந்தபோதுதான் அவர் ராணுவத்தில் இருப்பதும், குடும்பம் வடக்கே மூன்று வருடம் குடியிருந்ததும், வீட்டில் இன்னும் இரண்டு வேளையும் ரொட்டிதான் என்பதும் தெரிந்தது. என்ன சாப்பிடுகிறாள் என்று நான் அம்மாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை. உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராததற்கு இதுவும் காரணம்.

‘தேரை விழுந்தது’ என்று அவர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். வயிறு பானையாக, கைகால் குச்சியாக, பின்பக்கச் சதை வற்றித் தொங்கி, முகம் வாடி இருக்கும் குழந்தையைத்தான் நம் பாட்டிமார்கள் தேரை என்றும் சவலை என்றும் சொன்னார்கள். நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதும் அதே படம்தான். அவர் கண்ணுக்குப் பட்டது உண்மை. பெயர்தான் வேறு, வைத்தியமும் வேறு. இப்படிச் சொன்னால் அவரும் உங்கள் பக்கம் வருவார். நாளைக்கு இந்தப் பிள்ளைக்குச் சமைக்கப்போவதில் அவருக்கும் பங்கு இருக்கிறது, அவரை எதிரியாக்கிக்கொள்ள முடியாது.

இப்போது உங்கள் மகனுடைய கணக்கு. நூற்றில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்பதெல்லாம் தெருவில் போகிற யாரையும் நிறுத்திப் பார்க்கிற கணக்கு. ஒரு வருடத்துக்கு மேல் எடை ஏறாமல், நாட்பட்ட வயிற்றுப்போக்கோடு, ரத்தசோகையோடு வரும் குழந்தைக்கு அந்த எண் பொருந்தாது. வட இந்தியாவில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் நாட்பட்ட வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேடினால் சீலியாக் முன்வரிசையில் நிற்கும். அதற்கு மேல் டி.டி.ஜி. எதிர்ப்பொருள் உச்ச அளவைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. இத்தனையும் சேர்ந்த பிறகு ‘நம்ம ஊரில் அபூர்வமாச்சே’ என்பது அவனைப் பொறுத்தவரை எதையும் மாற்றாது. இந்த நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அப்படியானால் எண்டோஸ்கோப்பி எதற்கு என்றுதான் கேட்பீர்கள். நியாயம். ஐரோப்பியக் குழந்தை குடல்நோய் மருத்துவர்கள் வகுத்த வழிமுறையில், டி.டி.ஜி. பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு முறை எடுத்த ரத்தத்தில் ஈ.எம்.ஏ. என்ற மற்றொரு எதிர்ப்பொருளும் இருந்தால், பெற்றோரோடு பேசி எண்டோஸ்கோப்பி இல்லாமலே முடிவு செய்யலாம். உங்கள் மகனுக்கு ஆறு மடங்குதான். அந்த விதிவிலக்கு அவனுக்குக் கிடைக்காது. கோதுமையை நிறுத்தியதும் தேறியது ஆதாரமாகாதா என்றால், ஆகாது. கோதுமையில் குளூட்டன் தவிர, சில வயிறுகளுக்கு ஒத்துக்கொள்ளாத மாவுச்சத்து வகைகளும் உண்டு. கோதுமை அலர்ஜி என்பது தனி. சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்பு, வாந்தி என்று வருவது, அதற்கும் குடல் தேய்மானத்துக்கும் சம்பந்தமில்லை. பிஸ்கட்டை நிறுத்தினால் கூடவே சர்க்கரையும் குறைந்திருக்கும். எதனால் தேறினான் என்று மூன்று வாரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், இந்த நோய்க்கு மருந்து கிடையாது, உணவு மாற்றம் மட்டும்தான். அதுவும் ஆயுள் முழுக்க. அவனுக்குப் பதினைந்து வயதாகும்போது நண்பர்களோடு பரோட்டாக் கடையில் உட்கார்ந்துகொண்டு, ‘எனக்கு நிஜமாகவே அந்த நோய் இருக்கா, இல்லை அம்மா சும்மா சொன்னாளா?’ என்று கேட்பான். அப்போது காட்டுவதற்கு ஒரு ரிப்போர்ட் வேண்டும். அன்றைக்கு நிரூபிக்க வேண்டுமானால் மறுபடி பல வாரம் கோதுமை சாப்பிட வைத்துத்தான் பார்க்க முடியும். இப்போது செய்வது எவ்வளவோ சுலபம். மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள். கால் மணி நேர வேலை. சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து அரிசி முனை அளவுக்கு நான்கைந்து துணுக்குகள் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். குடலின் உள்பக்கம் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிட்டனவா என்பதை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்த உறிஞ்சிகள் வழியாகத்தான் இரும்புச்சத்து உள்ளே போக வேண்டும். 8.6-க்கு ரத்தம் இறங்கியதும் பெரும்பாலும் அதனால்தான்.

ஆறு மாதத்தில் கொடுத்த கோதுமைக் கஞ்சியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஒரு வரிதான் உங்களை ராத்திரி தூங்கவிடாமல் வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்வீடனில் 1984-க்குப் பிறகு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்த நோய் ஏறக்குறைய நான்கு மடங்கு பெருகியது. 1990-களின் நடுவில் திடீரென்று சரிந்தது. குழந்தைக்கு எப்போது, எவ்வளவு குளூட்டன் கொடுப்பது என்ற அரசு ஆலோசனையும், கடையில் விற்கும் குழந்தை உணவில் இருந்த கோதுமை அளவும் அதே காலத்தில் மாறியிருந்தன. உடனே எல்லோரும், எந்த மாதத்தில் தொடங்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது, தாய்ப்பால் கொடுக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் நோய் வராது என்று நம்பினார்கள். நாங்களும் தாய்மார்களுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பினோம்.

பிறகு அதைச் சோதித்தே பார்த்தார்கள். ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், குடும்பத்தில் இந்த நோயும் உரிய மரபணுவும் உள்ள 944 குழந்தைகளில் ஒரு பாதிக்கு நான்காம் மாதத்திலிருந்தே துளித்துளியாகக் குளூட்டன், மறு பாதிக்குக் குளூட்டன் இல்லாத வெறும் பொடி. மூன்று வயதில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இத்தாலியில் ஆறாம் மாதத்தில் கொடுத்தவர்களையும் ஒரு வயது வரை தள்ளிப்போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். தள்ளிப்போட்டவர்களுக்கு நோய் தள்ளி வந்தது, அவ்வளவுதான். ஐந்து வயதில் இரு தரப்பும் சமம். இரண்டும் 2014-இல் வெளிவந்தவை. தாய்ப்பால் எவ்வளவு நாள் கொடுத்தார்கள் என்பதும் இதை மாற்றவில்லை. முதல் சில வருடங்களில் சாப்பிடும் கோதுமையின் அளவுக்கு ஓரளவு பங்கு இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் டெல்லிப் பக்கம் குடியிருக்கும் ஒரு குடும்பம் பிள்ளைக்குச் சப்பாத்தி கொடுத்ததை யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். இந்த மரபணு அவனுக்கு உங்களிடமிருந்து வந்திருக்கலாம், அவன் அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம், இருவரிடமிருந்தும் வந்திருக்கலாம். கஞ்சி காய்ச்சிய கைக்கு இதில் குற்றமில்லை.

மகளுக்குப் பார்க்க வேண்டுமா? மகனுக்கு உறுதியானால், கட்டாயம். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும்கூட. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளில் சராசரியாக நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இது இருக்கும். ஊரில் நூற்றுக்கு ஒன்று என்றால் உங்கள் வீட்டுக்குள் ஏழெட்டு. மகள் கொழுகொழுவென்று இருந்தாலும் பாருங்கள். அவளுக்கும் டி.டி.ஜி. போதும், ஆனால் கூடவே ‘மொத்த ஐ.ஜி.ஏ.’ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் வகையே உடம்பில் உற்பத்தியாகாது. அவர்களுக்கு நோய் இருந்தாலும் டி.டி.ஜி. ஒன்றுமில்லை என்று ஏமாற்றிவிடும். அவளுக்கும் ரத்தம் எடுக்கும் வரை கோதுமையை நிறுத்த வேண்டாம். இப்போது இல்லை என்று வந்தாலும் சில வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். மரபணுச் சோதனை செய்யலாமா என்று யாராவது கேட்டால், அது ‘இல்லை’ என்று சொல்லத்தான் உதவும் என்பதை நினைவில் வையுங்கள். மரபணு இருக்கிறது என்று வந்தால் பதறாதீர்கள். நம்மில் மூன்றில் ஒருவருக்கு மேல் அது இருக்கிறது.

உணவு மாற்றத்தைப் பற்றி, நோய் உறுதியான பிறகு, உணவு ஆலோசகரோடு உட்கார்ந்து விரிவாகப் பேச வேண்டும். இப்போதைக்குத் தைரியத்துக்காகக் கொஞ்சம். பஞ்சாபித் தாய் ஒருத்தியோடு ஒப்பிட்டால் உங்களுக்கு வேலை பாதிதான். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, பொங்கல், அடை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், எதிலும் குளூட்டன் இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில்தான் இருக்கிறது. ரவை, மைதா, சேமியா மூன்றும் கோதுமைதான் என்பதை வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். சம்பா ரவை வேறு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களில் பார்லியும் கோதுமையும் இருக்கும். கடைச் சத்துமாவிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. உடம்பு தேறட்டும் என்று ஊரிலிருந்து பாட்டி கொண்டுவரும் சத்துமாவுதான் எனக்கு எப்போதும் பயம்.

அதைவிட பயம் மாவு மில். கேழ்வரகைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு போவீர்கள். உங்களுக்கு முன்னால் யாரோ பத்துக் கிலோ கோதுமை அரைத்திருப்பார்கள். மில்லில் ஒட்டியிருக்கும் அந்த மாவு உங்கள் கேழ்வரகோடு வரும். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் உள்ளே போனாலே சில மாதங்களில் குடல் புண்ணாகலாம் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு சப்பாத்தியில் இருப்பது கிராம் கணக்கில். எனவே அவனுக்கான மாவை வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்திக் கட்டை, தோசைக்கல், எண்ணெய்ச் சட்டி எல்லாம் அவனுக்குத் தனியாக வேண்டும். பாக்கெட் வாங்கினால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அப்படிப் போட இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. நோய் உறுதியாகி, உணவை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் சிணுங்கல் சில வாரத்திலேயே குறையும், எடை மாதங்களில் ஏறும். இந்த வயதுக் குழந்தைகள் விட்ட உயரத்தையும் பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடுவார்கள். டி.டி.ஜி. முழுக்க இறங்க ஒன்று, இரண்டு வருடம்கூட ஆகலாம், அதற்காகக் கலங்க வேண்டாம்.

கடைசியாக, உங்கள் சமையலறையிலேயே இருக்கும் ஒன்று: பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில், கட்டியானாலும் தூளானாலும், பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சப்பாத்தியை நிறுத்தின இந்த மூன்று வாரமும் சாம்பார், ரசம் வழியாகக் கொஞ்சம் கோதுமை அவனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். எண்டோஸ்கோப்பி முடிந்து ரிப்போர்ட் கைக்கு வரட்டும், அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் எது என்று பார்த்து வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அந்த டப்பா இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.